நெஞ்சு என்று சொன்னேன்

பீடோங் கடைத்தெருவில் வெள்ளிச் சாமான் விற்கும் பக்கிரிசாமி அண்ணன் பெட்டியைத் திறந்து காட்டினார். உள்ளே இருந்தது ஓர் இதயம். காம்பு கிள்ளிய வெற்றிலை மாதிரி, வழவழவென்று, நடுவில் சின்னதாக ஓர் ஓம் போட்டு. காதலர் தின பலூனில் வருமே, சாட்சாத் அதே இதயம். நான் கேட்டது அது இல்லை. ஆனால் அவர்மேல் குற்றம் சொல்ல முடியாது, ஏனென்றால் நான் அவரிடம் சொன்ன சொல் "நெஞ்சு".

மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டால், உடம்பில் எந்த இடம் குணமானதோ அந்த இடத்தை வெள்ளித் தகட்டில் அடித்து வாங்கித் திருவிழா அன்று காணிக்கை வைக்க வேண்டும். கண் நோய் என்றால் கண். கால் ஒடிந்து கூடியிருந்தால் கால். எனக்குக் குணமானது மார்பு, அதிலும் இடது. அதை ஓர் ஆம்பிளைக் கடைக்காரரிடம், பக்கத்தில் ரெண்டு பேர் கொலுசு பார்த்துக்கொண்டு நிற்கும்போது எப்படிச் சொல்வது? நெஞ்சு என்றேன். அவர் தலையாட்டினார். நானும் வந்துவிட்டேன்.

எனக்கு வாய் நீளம் என்று புருஷன் வீட்டில் பெயர். குருண் தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்கிறவர்களைக் கேட்டால், தேவகி வாயில் விழுந்தால் எழுந்திருக்க முடியாது என்பார்கள். மேனேஜரிடம் சம்பளம் பற்றிப் பேச எல்லாரும் என்னைத்தான் முன்னால் தள்ளுவார்கள். அப்பேர்ப்பட்ட வாயில் இந்த ஒரு சொல் மட்டும் வராது.

அதனால் அந்த வெள்ளி இதயத்தைப் பார்த்ததும் எனக்குக் கோபம் வரவில்லை. அப்பாடா என்றிருந்தது. செமிலிங் பக்கம் எங்கள் தோட்டத்துக் கோயிலுக்கு ஊரே வரும். தாம்பாளத்தில் இதயத்தை வைத்துக்கொண்டு சுற்றி வந்தால், பாவம், தேவகிக்கு ஹார்ட்டில் ஏதோ கோளாறாம் என்று போய்விடும். எனக்கு என்ன நடந்தது என்று என் புருஷனைத் தவிர யாருக்கும் தெரியாது, இனி தெரியவும் வேண்டாம்.

நடந்தது இதுதான். ரெண்டு பிள்ளை பெற்றுப் பால் கொடுத்து வளர்த்த பிறகு, கண்ணாடியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு குறை இருந்தது. ஆசைப்பட்டேன். அதற்காக நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை. பல்லைச் சீர்படுத்திக்கொள்கிறவர்களை யாராவது திட்டுகிறார்களா? என் புருஷன் காளிதாசன் செம்பனைப் பழ லோரி ஓட்டுகிறவர், அதிகம் பேசமாட்டார். "ஒன் ஒடம்பு, ஒன் இஷ்டம். ஆனா நல்ல டாக்டரா பாரு" என்றார். முதல் பாதி எனக்கு நன்றாகக் கேட்டது.

நான் பார்த்தது டாக்டரை இல்லை, மேடம் பரஞ்சோதியை. ஒரு கடை மாடியில் அழகு நிலையம் வைத்திருந்தார். கல்யாணப் பெண் அலங்காரம், முக வெளுப்பு, அப்புறம் திரைக்குப் பின்னால் இந்த வேலை. சிலிக்கான் எல்லாம் வெளிப்பொருள், அது வேண்டவே வேண்டாம், இது உங்கள் சொந்தக் கொழுப்பு, வயிற்றில் சும்மா இருப்பதை எடுத்து மேலே மாற்றி வைக்கிறோம், அவ்வளவுதான் லா என்றார். கேட்கவே எவ்வளவு நியாயமாக இருந்தது. வீட்டுக்குள்ளேயே நாற்காலியை இடம் மாற்றிப் போடுகிற மாதிரி. வார இறுதியில் ஒருவன் வந்தான். முகக்கவசத்தைக் கடைசிவரை கழற்றவில்லை, பெயரும் சொல்லவில்லை. வயிற்றிலிருந்து குழாய் வைத்து உறிஞ்சி, பெரிய பெரிய ஊசியால் மார்பில் ஏற்றினான்.

முதல் சில வாரம் நான் ராணி. வீக்கம்தான் அந்த அழகு என்று எனக்கு யார் சொன்னார்கள்? மேடம் படம் எடுத்தார், கழுத்திலிருந்து வயிறு வரைக்கும். முகம் வராதுக்கா என்று சத்தியம் செய்தார். அதை மட்டும் காப்பாற்றினார் என்று சொல்லவேண்டும்.

பிறகு இடது பக்கம் உள்ளே ஒரு கட்டி தட்டுப்பட்டது. கல் மாதிரி. மேடத்துக்குப் போன் செய்தால் சுடுதண்ணீர் ஒத்தடம் கொடுங்கள், அழுத்தித் தேய்த்துவிடுங்கள் என்றார். தேய்த்தேன். கட்டி பெரிதானது, தோல் சிவந்தது, காய்ச்சல் வந்தது. திரும்பவும் போன் செய்தபோது அவர் குரலே மாறியிருந்தது. "அது ஒங்க சொந்தக் கொழுப்புதானேக்கா. ஒங்க ஒடம்பே அத ஏத்துக்கலன்னா நாங்க என்ன செய்ய முடியும்?" அதன் பிறகு அவர் என் போனை எடுக்கவே இல்லை.

அரசாங்க மருத்துவமனையிலும் என் வாய் என்னைக் கவிழ்த்தது. கவுண்டரில் இருந்த நர்ஸ் மிஸி எங்கே வலி என்று மலாயில் கேட்டாள். "டாடா" என்றேன். மலாயிலும் அது நெஞ்சுதான். மார்புக்குப் பாயுடாரா என்று தனிச் சொல் உண்டு, அதுவும் வாயில் வரவில்லை. நெஞ்சுவலி என்றால் சும்மா விடுவார்களா? தள்ளுவண்டியில் படுக்கவைத்து, ஒயர் ஒயராக ஒட்டி, இதயத்தைப் பரிசோதித்தார்கள். இதயம் குதிரை மாதிரி இருக்கிறதாம். வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். காய்ச்சலில் நான் நடுங்குவதைப் பார்த்து ஒரு மலாய் டாக்டரம்மா நிறுத்தி, திரையை இழுத்துவிட்டு, சட்டையை விலக்கிப் பார்த்திராவிட்டால் என் கதை வேறாக இருந்திருக்கும்.

ஸ்கேன் எடுத்தார்கள், மார்பை நசுக்கிப் படம் எடுத்தார்கள், ஊசி விட்டுச் சதை எடுத்தார்கள். படத்தில் புள்ளி புள்ளியாக ஏதோ தெரிகிறது, புற்றுநோயா இல்லையா என்று சதையைப் பார்த்தால்தான் தெரியும் என்றார்கள். முடிவு வரும்வரை நான் சோறு தின்ற ஞாபகமே இல்லை. அழகுக்கு ஆசைப்பட்டு என் பிள்ளைகளுக்கு அம்மா இல்லாமல் செய்துவிட்டேனோ என்று குளியலறைத் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். அப்போது வைத்ததுதான் அந்த வேண்டுதல். தாயே, இது அது இல்லை என்று மட்டும் சொல்லு, வெள்ளியில் அடித்து எல்லார் முன்னாலும் கொண்டுவந்து வைக்கிறேன்.

அது இல்லை. டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். ஏற்றிய கொழுப்பு உயிரோடு இருக்க ரத்த ஓட்டம் வேண்டுமாம். ஒரே இடத்தில் அள்ளிக் கொட்டினால் நடுவில் இருப்பது செத்துப்போய் எண்ணெய்க் கட்டியாகிவிடும், சுத்தமில்லாமல் செய்தால் சீழும் பிடிக்கும். முறையான டாக்டர் செய்தாலே கொஞ்சம் சாகலாம், ஆனால் அவர்கள் அதை முன்கூட்டியே சொல்வார்கள், பிறகும் கூப்பிட்டுப் பார்ப்பார்கள் என்றார். உனக்கு இதைச் செய்தது யார் என்று புகார் கொடு என்றும் சொன்னார். சீழை எடுத்தார்கள், மருந்து ஏற்றினார்கள். இடது பக்கம் ஒரு தழும்பும் ஒரு பள்ளமும் மிச்சம். புகாரை மட்டும் நான் கொடுக்கவில்லை. அந்தச் சொல்லை எழுதிக் கையெழுத்தும் போடவேண்டுமே.

இப்படி எல்லாம் முடிந்து, வெள்ளி இதயமும் கையில் வந்து, ஞாயிற்றுக்கிழமை திருவிழா. என் புருஷனுடைய அக்கா மருதம்மாள் வீட்டில் வெள்ளிக்கிழமையே பூக் கட்ட உட்கார்ந்தோம். எனக்கு நெஞ்சுவலி என்ற செய்தி அங்கே எனக்கு முன்னால் போயிருந்தது. மருதம்மாள் அக்காவுக்கும் எனக்கும் எப்போதும் ஏட்டிக்குப் போட்டிதான், நான் கிழக்கு என்றால் அவர் மேற்கு என்பார். அன்றைக்கு என்னவோ கரிசனமாகக் கேட்டுக்கொண்டே இருந்தார். எந்தப் பக்கம் வலிச்சது, தொட்டால் தெரிந்ததா, டாக்டர் ஆம்பிளையா பொம்பளையா என்று. நான் ஏதோ சொல்லி மழுப்பினேன். எனக்குப் பூண்டுப் பால் காய்ச்ச எழுந்து போனார்.

அவர் போனதும் அவர் மகள் மாலா என் பக்கத்தில் நகர்ந்து வந்தாள். தை மாதம் அவளுக்குக் கல்யாணம். அம்மாவிடம் சொல்லாதீங்க அத்தை என்று சொல்லிவிட்டு, திங்கட்கிழமை வேலைக்குச் சூத்தி போட்டிருக்கிறேன், மேடம் பரஞ்சோதியிடம் தேதி வாங்கியிருக்கிறேன் என்றாள். எதற்கு என்று நான் கேட்கவேண்டிய அவசியமே இருக்கவில்லை. போனை என் கையில் கொடுத்தாள்.

"பாருங்க அத்தை, எவ்ளோ அழகா வந்திருக்கு இவங்களுக்கு."

கழுத்திலிருந்து வயிறு வரைக்கும் ஒரு படம். இடது காறை எலும்புக்குக் கீழே மிளகு அளவுக்கு ஒரு மச்சம். நான் எந்த ரவிக்கை போட்டாலும் தெரியும் மச்சம்தான் அது. அந்த நிமிஷம்கூட மாலாவின் கண் முன்னால்தான் இருந்தது. ஆனால் அத்தையை யார் அப்படி உற்றுப் பார்ப்பார்கள்? என் உடம்பைக் காட்டி என் வீட்டுப் பெண்ணையே பிடித்திருக்கிறாள் அந்தப் பாவி.

வேண்டாம் மாலா என்றேன். ஏன் என்றாள். நல்லதில்லை என்றேன். நெஞ்சுக்கு ஆகாது என்றேன். மறுபடியும் அதே நெஞ்சு. அவள் சிரித்துவிட்டாள்.

"நீங்களும் அம்மா மாதிரியே பேசுறீங்க அத்தை. இவங்களுக்கு ஒன்னும் ஆகலையே லா."

என் படத்தைக் காட்டித்தான் அப்படிச் சொன்னாள். நான் வாயைத் திறப்பதற்குள் மருதம்மாள் அக்கா பூண்டுப் பாலோடு வந்துவிட்டார். நெஞ்சுக்கு நல்லது, குடி என்றார். குடித்தேன். அவமானத்தையும் சேர்த்துத்தான் குடித்தேன். மேனேஜரை மடக்குகிற வாய், ஒரு சின்னப் பெண்ணைக் காப்பாற்ற வேண்டிய நேரத்தில் பூண்டுப் பால் குடித்துக்கொண்டிருந்தது.

மறுநாள் கடை திறந்ததும் பக்கிரிசாமி அண்ணன் முன்னால் போய் நின்றேன். இதயத்தைக் கண்ணாடிப் பெட்டிமேல் வைத்தேன். கடையில் ஆள் இருந்தது. இருக்கட்டும்.

"அண்ணே, இது இல்ல. எனக்கு வேண்டியது மாரு. பால் குடுக்குற மாரு."

சொல்லிவிட்டேன். கூரை இடிந்து விழவில்லை. கொலுசு பார்த்துக்கொண்டிருந்தவள் கொலுசுதான் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கிரிசாமி அண்ணன் கீழ் இழுப்பறையைத் திறந்து, துணியில் சுற்றியிருந்த ஓர் அச்சை எடுத்தார். கறுத்துப் போயிருந்தது. யாரும் கேட்பதே இல்லை என்றார். பொம்பளைகள் எல்லாரும் நெஞ்சு என்றுதான் சொல்கிறார்கள், திருப்பிக் கேட்டால் சங்கடப்படுவார்களே என்று நானும் இதயத்தையே அடித்துக் கொடுத்துவிடுகிறேன், கெடா மாநிலம் முழுக்கக் கோயில் உண்டியலில் என் இதயம்தான் என்றார். பிறகு என்னை நேராகப் பார்க்காமல் கேட்டார்.

"சோடியாம்மா, ஒன்னாம்மா?"

"ஒன்னு போதும்ணே" என்றேன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுது முடித்தபின் முதல் தடவையாக அதை நினைத்துச் சிரித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக் கோயிலில் கால் வைக்க இடமில்லை. செம்பனை மரங்களுக்கு நடுவே கார், வேன் என்று காடிகள் வரிசையாக நின்றன, உறுமி மேளம் காதைப் பிளந்தது. மாலா மஞ்சள் சேலையில் பால்குடம் தூக்கிவந்து இறக்கியிருந்தாள். காணிக்கை வைப்பவர்களின் பெயரை ஆலயத் தலைவர் தர்மலிங்கம் மைக்கில் ஒவ்வொன்றாகப் படிக்க, அவரவர் தாம்பாளத்தோடு முன்னால் போனார்கள். என் முறை வந்தது.

"திருமதி தேவகி காளிதாசன், நெஞ்சு நோய் நீங்கி..." என்று ஆரம்பித்தவர் தாம்பாளத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். பட்டுத் துணிமேல் வெள்ளி பளபளவென்று மின்னியது, அது இதயம் என்று யாரும் ஏமாற வழியே இல்லை. அவர் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு, எல்லாரும் இருக்கிறார்கள் அம்மா, நெஞ்சு என்றே இருக்கட்டுமே என்று கெஞ்சினார். நல்ல மனிதர்தான். நான் அவர் கையிலிருந்து மைக்கை வாங்கிக்கொண்டேன். முதல் வரிசையில் மாலா நின்றாள், பக்கத்தில் மருதம்மாள் அக்கா. என் புருஷன் தண்ணீர்ப் பந்தல் பக்கம் நின்று என்னைப் பார்த்து மெதுவாகத் தலையாட்டினார்.

"நெஞ்சு இல்லீங்க, மாரு. எனக்கு மாருலதான் கட்டி வந்துச்சு. தானா வரல. வயித்துக் கொழுப்ப எடுத்து ஊசியால அங்க ஏத்திக்கிட்டேன். அது உள்ளயே செத்து, சீப்புடிச்சு, புத்துநோயோன்னு பயந்து நான் பாதி செத்துட்டேன். ஏத்துனவன் பேருகூட எனக்குத் தெரியாது. மேடம் பரஞ்சோதி கடையில இன்னும் என் படத்தக் காட்டித்தான் பொண்ணுங்களக் கூப்புடுறாங்க. தலை இல்லாத படம். அந்தத் தலை இதோ இருக்கு. பாத்துக்குங்க."

கோயில் கூரையில் கட்டியிருந்த ஒலிபெருக்கி அதைத் தோட்டத்தின் கடைசி மரம் வரைக்கும் கொண்டுபோனது. உறுமிக்காரர் அடிப்பதை நிறுத்திவிட்டார். உள்ளே இத்தனை மாதமாக அடைத்துக்கொண்டிருந்தது போன இடம் தெரியவில்லை. மாலா என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கழுத்துக்குக் கீழே பார்த்தாள், அந்த மச்சத்தை. பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

அந்த அமைதியில் முதலில் பேசியது, வேறு யார், மருதம்மாள் அக்காதான்.

"ஒனக்குக் கொழுப்பு ஜாஸ்திடி, தேவகி."

"இருந்துச்சுக்கா. அதத்தான் எடுத்துட்டாங்களே."

மைக் இன்னும் என் கையில்தான் இருந்தது. முதலில் சிரித்தவர் உறுமிக்காரர். பிறகு பெண்கள் பக்கம் சிரிப்பு பற்றிக்கொண்டது, கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்கள். அப்புறம்தான் ஆம்பிளைகளுக்குத் தைரியம் வந்தது. தர்மலிங்கம் மைக்கை வாங்கி, தொண்டையைச் செருமி, "மார்பு நோய் நீங்கி" என்று முதலிலிருந்து படித்தார். உறுமி மறுபடி முழங்கியது. நான் தாம்பாளத்தைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு அம்மனைச் சுற்றி வந்தேன். கல்யாணத்தன்றுகூட நான் அப்படி நிமிர்ந்து நடக்கவில்லை.

மாலா என் பின்னாலேயே வந்தாள். போனை எடுத்து மேடத்துக்கு வரமாட்டேன் என்று என் முன்னாலேயே அனுப்பினாள், அந்தப் படம் யாருடையது என்பதையும் சேர்த்து. புகாரை அன்றைக்கே சேர்ந்து எழுதினோம். எழுத்துக்கூட்டி நானே சொன்னேன், அவள் தட்டினாள். அதை விசாரிக்க அதிகாரிகள் போனபோது மாடிக் கடையின் பலகை இறங்கியிருந்தது. முகக்கவசக்காரனைத் தேடுகிறார்கள்.

அன்னதான வரிசையில் மருதம்மாள் அக்கா என் தட்டில் தானே பாயசம் ஊற்றினார். ஊற்றியவர் நகரவில்லை.

"அந்த டாக்டரம்மா பொம்பளதானே?"

"ஆமாக்கா."

"எனக்கும் ரொம்ப நாளா நெஞ்சுல ஒரு..." என்று நிறுத்தினார். பின்னால் வரிசையில் ஆட்கள் நின்றார்கள். பூண்டுப் பால் காய்ச்சிய அன்று அவர் கேட்ட கேள்விகள் எல்லாம் அப்போதுதான் எனக்கு விளங்கின. நான் எதுவும் எடுத்துக்கொடுக்காமல் காத்திருந்தேன்.

"மாருல" என்றார்.

மாலா மேடத்துக்காகப் போட்டிருந்த சூத்தி வீணாகவில்லை. திங்கட்கிழமை காலையில் பசியாறியதும் அவள் காடியிலேயே மூன்று பேரும் மருத்துவமனைக்குப் போனோம். அக்காவுக்கு இருந்தது வெறும் நீர்க்கட்டி, பயப்பட ஒன்றுமில்லை என்று பிறகு தெரிந்தது. மாலா என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள், நானும் அழுதேன். ஆனால் இப்போதும் நான் நினைத்து நினைத்துச் சிரிப்பது அந்தக் கவுண்டரைத்தான். அதே மிஸி உட்கார்ந்திருந்தாள். அக்காவின் வயதைப் பார்த்ததும், டாடாவில் வலியா ஆன்ட்டி என்று கேட்டுக்கொண்டே இதயப் பரிசோதனைப் பக்கம் கைகாட்டப் போனாள். அக்கா சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்க்கும்படியாகச் சொன்னார்.

"டாடா இல்ல, மிஸி. பாயுடாரா."